பிரேக்கை மாற்றிய பின் பெடல் இறங்குவது ஏன்? காரணங்களும் சீரமைப்பும்

காரின் பிரேக்கைப் பெரிதாக்கிய பிறகு பெடல் முன்பைவிட ஆழமாக இறங்குவதும், மிதிக்கும்போது மெத்தென்று அமுங்குவதும் பரவலாகக் காணப்படும் கோளாறு. டிரம் இருந்த இடத்தில் டிஸ்க், சிறிய காலிப்பர் இருந்த இடத்தில் பெரிய காலிப்பர் என்று மாற்றிய வண்டி பிடிப்பில் தேறியிருக்க வேண்டும். மாறாக, ‘பெடல் கிடைக்கவில்லை’, ‘ரெண்டு அடி அடித்தால்தான் நிற்கிறது’ என்ற புகாரோடு அது பட்டறைக்குத் திரும்புகிறது. வழக்கமாகத் தரப்படும் மருந்து ஏர் எடுப்பது. ஒருமுறை எடுத்தும் சரியாகாவிட்டால் இன்னொருமுறை, பிறகு இன்னொரு டப்பா ஆயில். பெடல் மென்மையாவதற்குக் காரணங்கள் நான்கு வகைப்படும்: ஆயிலின் கொள்ளளவுக் கணக்கு பொருந்தாமை, குழாய்க்குள் காற்று, பாகங்களின் நெகிழ்ச்சியும் இடைவெளியும், கசிவு. ஏர் எடுப்பது இவற்றுள் ஒன்றை மட்டுமே தீர்க்கும்.

கோலார் தங்க வயல் பகுதியின் ராபர்ட்சன்பேட்டையில் இந்தக் கேள்விக்கு நடைமுறை எடை அதிகம். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் கோலார் மேட்டுநிலத்தில் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இவ்வூரிலிருந்து சொந்தபந்தங்களைப் பார்க்கக் குடியாத்தம், ஆம்பூர், வேலூர்ப் பக்கம் போகிறவர்கள் பேத்தமங்கலம், வி.கோட்டா வழியாகப் பேரணாம்பட்டு மலைச்சாலையில் இறங்குகிறார்கள். சமதளத்தில் ஒப்பேற்றிவிடக்கூடிய பெடல் அந்த இறக்கத்தில் ஒப்பேறாது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட சுரங்கங்களின் பட்டறைகளும் பெமல் தொழிற்சாலையும் வளர்த்த லேத் வேலைத் திறன் இப்பகுதிக்கு உண்டு. காலிப்பர் பிராக்கெட் போன்ற பாகங்களை உள்ளூரிலேயே கடைந்து பொருத்துவது எளிது. பொருத்திய பாகம் மற்ற பாகங்களோடு கணக்கில் ஒத்துப்போகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

மூன்று வகை மென்மை

பழுது பார்ப்பதற்கு முன் பெடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். முதல் வகையில் பெடல் நீளமாக இறங்குகிறது. ஆனால் இறங்கிய இடத்தில் கல்போல் நிற்கிறது. இது கொள்ளளவோ இடைவெளியோ கூடியிருப்பதன் அடையாளம். இரண்டாம் வகையில் நிற்குமிடம் தெளிவாக இல்லை. அழுத்த அழுத்த ரப்பர்போல் அமுங்கிக்கொண்டே போகிறது. காற்றோ, உப்பும் ஹோஸோ, வளையும் பிராக்கெட்டோ இதற்குக் காரணம். மூன்றாம் வகையில் பெடல் முதலில் நன்றாக நிற்கிறது. கால் வைத்தபடியே பிடித்திருந்தால் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குகிறது. இது வெளிக்கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் நிகழும் உட்கசிவு.

இந்தச் சோதனையை இன்ஜினை நிறுத்தி, நாலைந்து முறை மிதித்து, பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டுச் செய்ய வேண்டும். இன்ஜின் ஓடும்போது பூஸ்டர் காலுக்குத் துணைபுரிவதால் நல்ல பிரேக்கும் மென்மையாகவே தோன்றும். பெடலை மிதித்தபடியே இன்ஜினைக் கிளப்பும்போது அது சிறிது கீழிறங்குவது பூஸ்டர் வேலை செய்வதற்கான அடையாளம்; கோளாறு அன்று. ராபர்ட்சன்பேட்டையின் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. வெற்றிட பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டே தள்ளுவதால், இங்கே அதன் உதவியும் சற்றுக் குறைகிறது. அதன் விளைவாகப் பெடல் கொஞ்சம் கனக்கலாம், மென்மையாகாது. எனவே மென்மைக்கு ஊரின் உயரத்தைக் காரணம் காட்ட முடியாது.

கொள்ளளவுக் கணக்கு

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஒரு குறிப்பிட்ட அளவு ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஆயில் காலிப்பர் பிஸ்டனை நகர்த்தி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலுள்ள இடைவெளியை மூடி, பிறகு அழுத்தத்தை ஏற்றுகிறது. காலிப்பர் பிஸ்டனின் பரப்பு கூடினால் அதே தூரம் நகரக் கூடுதல் ஆயில் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் விட்டால், அந்தக் கூடுதல் ஆயிலுக்காகப் பெடல் இன்னும் ஆழமாக இறங்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதைத் தெளிவாக்கும். முன்சக்கரங்களில் 48 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர்கள் இருந்த காரில் 54 மில்லிமீட்டர் காலிப்பர்கள் போடப்படுகின்றன என்று கொள்வோம். இரண்டு பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு 3,619 சதுர மில்லிமீட்டரிலிருந்து 4,580 ஆகிறது. உயர்வு சுமார் 27 சதவீதம். பிஸ்டன் 0.8 மில்லிமீட்டர் நகர வேண்டுமானால் முன்பு 2.9 சி.சி. ஆயில் போதும், இப்போது 3.7 சி.சி. தேவை. மாஸ்டர் சிலிண்டர் 19.05 மில்லிமீட்டர், பெடலின் நெம்பு விகிதம் 4 என்றால், முன்பிரேக்குக்காக மட்டும் பெடல் நகரும் தூரம் 41 மில்லிமீட்டரிலிருந்து 51 ஆகிறது. ஒரு துளி காற்றும் இல்லாமலேயே பெடல் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கிவிட்டது. இதற்கு எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பயனில்லை.

தீர்வு மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தைக் கூட்டுவது. அதற்கும் எல்லை உண்டு. 22.2 மில்லிமீட்டர் சிலிண்டர் போட்டால் அதே தூரம் 38 மில்லிமீட்டராகச் சுருங்கும், பெடல் கெட்டியாகும். ஆனால் சிலிண்டரின் பரப்பு கூடியதால், அதே கால்விசைக்கு எழும் அழுத்தம் குறைகிறது. பெரிய காலிப்பர் தந்த ஆதாயத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், பேடின் மீது விழும் விசை பழைய பிரேக்கைவிட 7 சதவீதம் குறைவு. 20.64 மில்லிமீட்டர் சிலிண்டரில் பெடல் தூரம் 44 மில்லிமீட்டர். விசை பழையதைவிட 8 சதவீதம் அதிகம். இந்தக் காருக்கு நடுவழியே சரி. கெட்டியான பெடல் எல்லாம் நல்ல பிரேக் என்று எண்ணுவது தவறு. அளவுக்கு மீறிய மாஸ்டர் சிலிண்டர் பெடலைக் கல்லாக்கி, வண்டியை நிற்கவிடாது.

பிஸ்டன்களை எண்ணும்போது ஒரு குழப்பம் நேர்வதுண்டு. நான்கு பிஸ்டன் காலிப்பரில் நான்கின் பரப்பையும் கூட்டி, பழைய ஒற்றைப் பிஸ்டனோடு ஒப்பிடுவது சரியாகாது. நகரும் வகைக் காலிப்பரில் ஒரே பிஸ்டன் இரண்டு பேடுகளின் இடைவெளியையும் மூடுகிறது. நிலையான காலிப்பரில் ஒவ்வொரு பக்கப் பிஸ்டனும் தன் பக்கத்தை மட்டும் மூடுகிறது. ஆகவே ஒரு பக்கப் பரப்பையே ஒப்பிட வேண்டும். 38 மில்லிமீட்டர் பிஸ்டன் நான்கு கொண்ட காலிப்பரின் ஒரு பக்கப் பரப்பு 2,268 சதுர மில்லிமீட்டர். 54 மில்லிமீட்டர் ஒற்றைப் பிஸ்டனின் பரப்பு 2,290. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

இந்தக் கணக்கு சொகுசுக்காக மட்டுமன்று. இன்றைய கார்களின் மாஸ்டர் சிலிண்டர் இரண்டு தனித்தனிச் சுற்றுகளைக் கொண்டது. ஒரு சுற்றில் ஆயில் வடிந்துபோனால், அந்தப் பிஸ்டன் வீணாக ஓடி முடிந்த பிறகே மற்றச் சுற்று வேலை செய்யத் தொடங்கும். சாதாரண நிலையிலேயே பெடல் பாதிக்கு மேல் இறங்கும் வண்டியில், ஒரு சுற்று செத்தால் மற்றது அழுத்தம் ஏற்றுமுன் பெடல் தரையைத் தொட்டுவிடும். அவசரத்துக்கென்று வைத்த ஏற்பாடே பயனற்றுப்போகும்.

டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு

இந்தியாவில் பழைய வண்டிகளில் நடக்கும் மாற்றங்களுள் முக்கியமானது டிரம்மை எடுத்துவிட்டு முன்சக்கரத்தில் டிஸ்க் போடுவது. மகிந்திராவின் பழைய ஜீப்புகளும் நான்கு சக்கரத்திலும் டிரம் கொண்ட பழைய அம்பாசடர்களும் இதற்கு எடுத்துக்காட்டு. இங்கே காலிப்பரை மட்டும் மாற்றி முடிக்க முடியாது.

முதலாவது, டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு தடுப்பு வால்வு இருக்கும். கால் எடுத்த பின்னும் குழாயில் ஏறத்தாழ 0.7 பார் அழுத்தத்தை அது நிறுத்தி வைக்கும். வீல் சிலிண்டர் கப்புகள் விரிந்த நிலையிலேயே இருக்க இது உதவும். இதே வால்வு டிஸ்க் சுற்றில் இருந்தால் பேடுகள் உராய்ந்துகொண்டே இருந்து சூடேறும். எனவே அச்சுற்றிலிருந்து அதை நீக்க வேண்டும்.

இரண்டாவது, பழைய ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் காலடித் தரைக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கிறது. வண்டி நின்றிருக்கும்போது ஆயில் காலிப்பரிலிருந்து பின்னோக்கி இறங்கிவிடும். மறுநாள் காலை முதல் மிதியில் பெடல் தரைக்குப் போகும். இதற்கு 0.14 பார் அளவுள்ள சிறிய தடுப்பு வால்வைக் குழாயில் இணைப்பதே வழி.

மூன்றாவது, ஆயில் டப்பாவின் அளவு. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. 48 மில்லிமீட்டர் பிஸ்டனுள்ள நகரும் காலிப்பரில் இரு பேடுகளும் 10 மில்லிமீட்டர் தேய்ந்தால் ஒரு சக்கரத்துக்கு 36 சி.சி., இரண்டுக்கும் 72 சி.சி. ஆயில் டப்பாவிலிருந்து இறங்கும். டிரம்முக்கென்று செய்த சிறிய டப்பா அதற்குள் வற்றிக் காற்றை இழுக்கும். நான்காவது, டிரம்மில் ஷூ தானே இழுபட்டுப் பிடிப்பைக் கூட்டும் தன்மை உண்டு. டிஸ்க்குக்கு அது இல்லை. ஆகவே அதற்கு அதிக அழுத்தமும், பெரும்பாலும் பூஸ்டரும் தேவை.

காற்று

குழாய்க்குள் காற்று இருந்தால் பெடலின் முதல் பகுதி அதை அமுக்குவதிலேயே செலவாகும். சாதாரண அழுத்தத்தில் 1 சி.சி. இடத்தை அடைக்கும் காற்று, 70 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். மேலே சொன்ன 19.05 மில்லிமீட்டர் சிலிண்டரில் அந்த 1 சி.சி. இழப்பு பெடலில் 14 மில்லிமீட்டராகத் தெரியும். பெடல் மெத்தென்று ஆக ஒரு சிறு குமிழி போதும்.

மாற்றிய பிரேக்கில் ஏர் வெளியேறாமல் அடம்பிடிப்பதற்கு முதன்மைக் காரணம் காலிப்பர்கள் இடம்மாறிப் பொருத்தப்படுவது. இடப்பக்கக் காலிப்பர் வலப்பக்கம் போனால் ஏர் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே தங்கும். நிப்பிளைத் திறந்தால் சுத்தமான ஆயிலே வரும். ‘ஏர் இல்லை’ என்று முடிவு கட்டப்படும். நிப்பிள் எப்போதும் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். வேறு வண்டியின் காலிப்பரைப் பிராக்கெட் செய்து சாய்வாகப் பொருத்தியிருந்தால், அதைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் கனமுள்ள கட்டையைச் செருகி, நிப்பிள் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு ஏர் எடுக்கலாம். உள்ளும் புறமும் நிப்பிள் கொண்ட நான்கு பிஸ்டன் காலிப்பரில் இரண்டையும் திறக்க வேண்டும்.

புதிய மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் ஏற்றுமுன் வைஸில் பிடித்து, வெளிவாய்களிலிருந்து டப்பாவுக்கே திரும்பும்படி குழாய் வைத்து, மெதுவாகத் தள்ளி அதன் காற்றைத் தனியாக நீக்குவது நல்லது. சக்கர வரிசைக்கு வழக்கமான விதி தூரத்திலிருந்து தொடங்குவது. ஸ்டியரிங் வலப்புறமுள்ள இந்திய வண்டிகளில் அது பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. குறுக்குச் சுற்றுள்ள கார்களில் இவ்வரிசை மாறும். தயாரிப்பாளரின் கையேடே அங்கு முடிவு. சுமைக்கேற்பப் பின்பிரேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வுள்ள வேன்களில், பின்பக்கத்தை ஜாக்கியில் தொங்கவிட்டால் வால்வு ஆயில் போக்கைக் குறைத்துவிடும். வண்டி தன் உயரத்தில் நிற்கும்போதே ஏர் எடுக்க வேண்டும். ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்திருந்தால் ஸ்கேனர் கொண்டு அதன் வால்வுகளையும் பம்பையும் இயக்கினாலொழிய அது வராது.

ஏர் எடுக்கும் முறையிலும் ஒரு கேடு ஒளிந்திருக்கிறது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடல் நாள்தோறும் ஓடும் தூரத்துக்கு அப்பால் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை அழுத்தினால் உள்ளிருக்கும் ரப்பர் கப்புகள் அந்தச் சொரசொரப்பின் மீது ஓடிக் கிழிபடும். வேலைக்கு முன் நன்றாக இருந்த சிலிண்டர் வேலைக்குப் பின் உட்கசிவு காண்பது இதனால்தான். பெடலுக்கடியில் மரக்கட்டை வைத்து ஓட்டத்தைக் குறைத்தால் இது நேராது.

நெகிழ்ச்சியும் இடைவெளியும்

காற்று இல்லை, கணக்கும் சரி. ஆனாலும் பெடல் அமுங்குகிறது என்றால் ஏதோ ஒரு பாகம் வளைகிறது. பழைய ரப்பர் ஹோஸை ஒருவர் மிதிக்க இன்னொருவர் கையால் பிடித்துப் பார்த்தால் அது உப்புவது தெரியும். புதிய ஹோஸ், அல்லது எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ் போட வேண்டும். மெல்லிய தகட்டில் வெட்டிய பிராக்கெட் பிரேக் பிடிக்கும்போது முறுக்கிக்கொள்ளும். பிராக்கெட்டின் முகமும் டிஸ்க்கின் முகமும் இணையாக இல்லாவிட்டால் பேட் ஒரு முனையில் மட்டும் தொடும். மற்ற முனை தொடும்வரை பெடல் அமுங்கும். காலிப்பர் பின்கள் காய்ந்து இறுகியிருந்தாலும் இதே நிலைதான்.

முதல் மிதியில் பெடல் ஆழம், இரண்டாம் மிதியில் சரி என்றால் பேடுகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. டிஸ்க்கின் ஆட்டம் அல்லது வீல் பேரிங்கின் தளர்ச்சி இதற்குக் காரணம். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் டிஸ்க்கின் ஆட்டம் பொதுவாக 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஹப்பின் முகத்தில் துரு ஒட்டியிருக்கும்போதே புதிய டிஸ்க்கை ஏற்றுவது அடிக்கடி நேரும் பிழை.

முன்பிரேக்கை மாற்றுபவர் பின் டிரம்மை மறந்துவிடுவதும் உண்டு. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருந்தால், வீல் சிலிண்டர் நெடுந்தூரம் நகர்ந்து ஆயிலை விழுங்கும். ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருப்பி, சக்கரம் லேசாக உரசும் அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு கேபிளை அமைக்க வேண்டும். கேபிளை முதலில் இறுக்கினால் தானியங்கி அட்ஜஸ்டர் வேலை செய்யாது. முன்பிரேக் மாற்றத்தின் மேல் சுமத்தப்படும் பல பெடல் புகார்கள் இந்த ஒரு வேலையில் தீர்ந்துவிடுகின்றன. பூஸ்டரோ மாஸ்டர் சிலிண்டரோ மாறியிருந்தால், இரண்டுக்கும் நடுவிலுள்ள தள்ளுகோலின் இடைவெளியையும் பார்க்க வேண்டும். கூடினால் பெடல் வெறுமனே ஓடும். அறவே இல்லாவிட்டால் பிரேக் விடாது.

புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றையொன்று முழுமையாகத் தழுவச் சிறிது ஓட்டம் தேவை. மிதமான வேகத்திலிருந்து, நிறுத்தாமல், பத்துமுறையளவு பிரேக் பிடித்து வேகம் குறைத்து, இடையில் ஆறவிடுவது வழக்கம். இதற்குமுன் பெடலைப் பற்றி முடிவு சொல்வது அவசரம்.

ஆயிலும் வெப்பமும்

பட்டறையில் கெட்டியாக இருந்த பெடல் மலை இறக்கத்தில் மட்டும் மென்மையானால், ஆயில் கொதித்து, அதன் ஆவி குழாய்க்குள் காற்றைப் போலவே அமுங்குகிறது. டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. இந்த ஆயில்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை. திறந்து வைத்த டப்பாவை மழைக்காலம் கழித்து எடுத்து ஊற்றக் கூடாது. சிலிக்கான் அடிப்படையிலான டாட் 5 வேறு இனம். மற்றவற்றோடு கலக்காது, நுண்குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஏபிஎஸ் வண்டிக்கு ஒவ்வாது. கனிம எண்ணெய் தவறி விழுந்தால் ரப்பர் கப்புகள் ஊதிவிடும். பிறகு எல்லா ரப்பரையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

வெப்பத்தின் அளவைக் கணக்கிடலாம். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 3 லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கிறது. அதே கார் 400 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் 47 லட்சம் ஜூல்; பதினைந்து முறைக்கு மேல் அப்படி நிறுத்தியதற்குச் சமம். தாழ்ந்த கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். பிரேக்கையே நம்பி இறங்கினால் முழுதும் டிஸ்க்கின் தலையில் விழும். பெரிய டிஸ்க் அதிக வெப்பத்தைத் தாங்குவது உண்மை. பழைய ஆயிலோடு இணைத்தால் அந்தப் பயன் பாழாகும்.

கசிவும் பிரித்துச் சோதித்தலும்

புதிய இணைப்பு ஒவ்வொன்றும் கசியக்கூடும். காலிப்பரோடு ஹோஸ் சேருமிடத்தில் பழைய செம்பு வாஷரைத் திரும்பப் போடக் கூடாது. குழாய் முனையின் விரிப்புக் கோணமும் நட்டின் மறையும் வண்டிக்கு வண்டி வேறுபடும். பொருந்தாததை இறுக்கி உட்கார வைத்தால் முதலில் காற்றையும் பின்னர் ஆயிலையும் விடும்.

வெளியே ஈரமில்லை, ஆயில் மட்டமும் குறையவில்லை, ஆனாலும் பெடல் மெல்ல இறங்குகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரின் வாய்களைத் திருகு அடைப்பான் கொண்டு மூடி மிதித்துப் பார்க்கலாம். அப்போதும் இறங்கினால் சிலிண்டர் பழுது. கெட்டியாக நின்றால் குறை கீழே இருக்கிறது. பிறகு ரப்பர் ஹோஸ்களை அதற்கான கிளாம்பால் ஒவ்வொன்றாக இறுக்கி, எந்தச் சக்கரத்தை விலக்கியதும் பெடல் நிற்கிறது என்று கண்டுபிடிக்கலாம். கம்பி பின்னிய ஹோஸை இப்படி இறுக்கக் கூடாது. அது நசுங்கிப் பழுதாகும்.

வேலையின் வரிசையும் வரம்பும்

இவற்றைத் தொகுத்தால் வேலையின் வரிசை கிடைக்கிறது. பெடலின் வகையை அறிதல், கசிவு பார்த்தல், நிப்பிள்கள் மேலே இருக்கின்றனவா என்று பார்த்தல், பின் டிரம்மை அட்ஜஸ்ட் செய்தல், பேரிங், டிஸ்க் ஆட்டத்தை அளத்தல், புதிய ஆயிலோடு முறைப்படி ஏர் எடுத்தல், அப்படியும் பெடல் நீளமாக, ஆனால் கெட்டியாக இருந்தால் பிஸ்டன் பரப்பைக் கணக்கிட்டு மாஸ்டர் சிலிண்டரைத் தேர்தல். செலவில்லாத சோதனைகள் முன்னும் பாகம் மாற்றுவது கடைசியிலும் வருவதால் இவ்வரிசை பணத்தையும் மிச்சப்படுத்தும். சென்னையை அடுத்த பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்களின் பாகங்களில் அளவு விவரம் தெரிந்து வாங்க முடியும். அளவே தெரியாத பழைய பாகத்தை வெர்னியர் வைத்து அளந்த பிறகே வாங்குவது முறை.

சட்டத்தின் எல்லையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அடிப்படை விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. பிரேக் அமைப்புக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 96-ஆம் விதி பொருந்தும். அதே மாதிரியின் உயர்ந்த பதிப்பில் தயாரிப்பாளரே பொருத்தும் காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் ஆகியவற்றை ஒரு தொகுதியாக எடுத்துப் போடுவது பொறியியல் நோக்கில் பாதுகாப்பான வழி. அவற்றின் அளவுகள் ஒன்றோடொன்று முன்பே ஒத்துப்பார்க்கப்பட்டவை. ஆனாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

வேலை முடிந்ததற்கான அளவுகோல் ஐந்து. இன்ஜின் நின்ற நிலையில் முதல் மிதியும் மூன்றாம் மிதியும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். அரை நிமிடம் அழுத்திப் பிடித்தாலும் பெடல் இறங்கக் கூடாது. வெறுஞ்சாலையில் குறைந்த வேகத்தில் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கக் கூடாது. பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முந்தி இறுகக் கூடாது. சூடேறும்வரை பலமுறை பிடித்த பிறகும் பெடலின் உயரம் மாறாதிருக்க வேண்டும். ஐந்தும் தேறிய வண்டியைத்தான் மலைச்சாலைக்கு விடலாம்.